கழுத்தில்தான் ஆபரேஷன், கண்ணை ஏன் கேட்க வேண்டும்?

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை ஐசியுவில் நான் எழுதிய முதல் வார்த்தை 'தண்ணீர்'. இரண்டாவது எழுதியது 'கண் தெரியல'. முதலாவதை சிஸ்டர் படித்துவிட்டார், ஈரப் பஞ்சால் உதட்டை ஒற்றினார். இரண்டாவதை யாராலும் படிக்க முடியவில்லை. எங்கே எழுதுகிறேன் என்று தெரியாமல் 'தண்ணீர்' மேலேயே எழுதியிருக்கிறேன்.

பேசவும் முடியாது. நாக்கில் புற்றுநோய் என்று அதில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டு, தொடையிலிருந்து சதை எடுத்து வைத்துத் தைத்திருந்தார்கள். மூச்சு விடத் தொண்டையில் ஓட்டை போட்டு ட்யூப். இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்ததால், என் மகள் ப்ளஸ் டூவுக்கு வாங்கிய பரீட்சை அட்டையைத் தேடி எடுத்து, ஒரு நோட்டைச் செருகி, பேனாவை நூலில் கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தாள். "ஒரு வாரம் வாய்க்கு லீவுப்பா, கை பேசட்டும்" என்றாள். கை பேசுவதற்கும் கண் வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

நான் ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் இருபத்தெட்டு வருடம் புரூஃப் பார்த்தவன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், காதுகுத்து நோட்டீஸ், கட்சிக்காரர்களின் பிறந்தநாள் வாழ்த்து. மணமகன் மனமகன் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் தொழில். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமும் அதே அச்சகத்தில் வந்ததுதான். நாக்கின் ஓரத்தில் புண் வந்தபோது கூரான பல் குத்துகிறது என்று நானே தீர்மானித்து மூன்று மாதம் ஓட்டினேன். இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் இழுக்கவில்லை. வாய்ப்புண் மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் காட்டிவிடுங்கள், அவ்வளவுதான்.

பயாப்ஸி, ஸ்கேன் எல்லாம் முடிந்து டாக்டர் சொன்னார்: கட்டி நாக்கின் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது, கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது. நாக்கோடு சேர்த்துக் கழுத்தையும் இரண்டு பக்கமும் நெறிகளை எடுத்து 'சுத்தம்' செய்ய வேண்டும். அந்தச் சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், வீட்டை ஒட்டடை அடிக்கிற மாதிரி. கையெழுத்து வாங்கிய தாளில் ரத்தப்போக்கு, கிருமித் தொற்று, தோள் தூக்க முடியாமல் போவது, வைத்துத் தைத்த சதை ஒட்டாமல் போவது, உயிருக்கே ஆபத்து என்று எல்லாம் இருந்தது. பார்வை என்ற சொல் இல்லை. பிறகு மகள் வரிவரியாகத் தேடிவிட்டாள்.

இருந்திருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேனா? மாட்டேன். கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் மறுநாள் காலை ஒருத்தருக்காவது அது ஞாபகத்தில் இருந்திருக்கும்.

அந்தக் காலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இதை எழுதுவதே அதற்காகத்தான். ஆபரேஷன் ஒன்பதரை மணி நேரம். ராத்திரி முழுக்க மயக்கத்திலேயே வைத்திருந்தார்கள். விழிப்பு வந்தபோது முகம் பெரிதாக, இரவல் முகம் மாதிரி இருந்தது. இமைகள் வீங்கித் தொட்டால் பலாச்சுளை மாதிரி. சிஸ்டர் இமையைப் பிரித்துத் துடைத்துவிட்டார். ஒன்றும் இல்லை. அட்டையைத் தட்டினேன், எழுதினேன், கையால் கண்ணைக் காட்டினேன்.

"கண்ணுக்கு மருந்து வெச்சிருக்கோம் ஐயா. அதான் மங்கலா இருக்கு. தானா சரியாயிடும்."

அவர் பொய் சொல்லவில்லை. நீண்ட ஆபரேஷன்களில் கண் காய்ந்து போகாமலும், கருவிழியில் கீறல் விழாமலும் இருக்கக் களிம்பு வைத்து இமையை டேப் போட்டு ஒட்டுவார்கள். மயக்கம் தெளிந்ததும் கொஞ்ச நேரம் எல்லோருக்கும் மங்கலாகத்தான் தெரியும். அந்தப் பதில் பத்தில் ஒன்பது பேருக்குச் சரியான பதில்தான். அதனால்தான் அது ஆபத்தானது. சிஸ்டர் நம்பினார், காலையில் ரவுண்ட்ஸ் வந்தவர்கள் நம்பினார்கள், நானும் நம்பினேன். அவர்கள் எல்லோருடைய கவனமும் நாக்கில் வைத்த சதைக்கு ரத்தம் ஓடுகிறதா என்பதில்தான். மணிக்கு ஒரு தடவை அதைக் குத்திப் பார்த்தார்கள், நிறம் பார்த்தார்கள். கண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கழுத்தில்தானே ஆபரேஷன்!

மங்கல் வேறு, இல்லாமை வேறு. களிம்பு வைத்த கண்ணில் வெளிச்சம் தெரியும், உருவம் கரைந்து தெரியும், சிமிட்டச் சிமிட்டக் கொஞ்சம் தெளியும். என் இடது கண்ணில் வெளிச்சமே இல்லை. வலது கண்ணில் மேல் பாதியில் ட்யூப் லைட்டின் பால் நிறம் தெரிந்தது. கீழ்ப் பாதி இல்லை. பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு இருக்குமே, அதில் கீழ்க்கதவுகளை மட்டும் சாத்தி வைத்த மாதிரி. எத்தனை முறை சிமிட்டினாலும் அந்தக் கோடு அங்கேயே நின்றது. களிம்பு அப்படிக் கோடு போட்டு மறைக்காது என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் வீட்டு ஆட்களை விட்டார்கள். மகள் வந்தாள். என் கையெழுத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். நோட்டை எடுத்து ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாள். ஒன்றன் மேல் ஒன்றாக நான்கைந்து முறை எழுதியதைப் பிரித்துப் படிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"அப்பா, கண் தெரியலையாப்பா?"

கையைத் தூக்கினேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். தன் உள்ளங்கையால் என் வலது கண்ணை மூடினாள். "எத்தனை விரல்? கையில் காட்டு." நான் காட்டவில்லை. பிறகு இடது கண்ணை மூடினாள். "இப்போ?" மேலே எங்கோ ஏதோ அசைந்தது. இரண்டு என்று காட்டினேன். அவள் காட்டியது மூன்று விரலாம். செல்போன் டார்ச்சை இடது கண்ணுக்கு நேராகப் பிடித்திருக்கிறாள், எனக்கு அதுவும் தெரியவில்லை. அந்த மூன்று நிமிடச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. காலை ஆறு மணிக்கே யாராவது செய்திருக்கலாம்.

அவள் போய் ட்யூட்டி டாக்டரைக் கையோடு கூட்டி வந்தாள். அவர் டார்ச் அடித்தார், இந்தக் கண், அந்தக் கண், மறுபடி இந்தக் கண். இடது கண்பாப்பா சுருங்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்த வேகத்தை வைத்தே நான் தெரிந்துகொண்டேன், இது களிம்பு இல்லை.

இரவு கண் டாக்டர் வந்தார். கண் அழுத்தம் பார்த்தார், சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தார். "கண் நல்லா இருக்கு" என்றார். அதைக் கேட்டு என் மனைவி வெளியே சாமிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அவர் சொல்ல வந்தது நேர் எதிர். விழித்திரை நன்றாக இருக்கிறது, நரம்பு கண்ணுக்குள் நுழைகிற தட்டும் பார்க்க இயல்பாக இருக்கிறது, ஆனாலும் பார்வை இல்லை. அப்படியென்றால் சேதம் கண்ணுக்குப் பின்னால், டார்ச்சுக்கு எட்டாத இடத்தில். "கேமரா நல்லா இருக்கு, ஒயர் பழுதாயிடுச்சுன்னு வெச்சுக்குங்க." அந்தத் தட்டு வெளுத்துப்போய்ச் சேதம் வெளியே தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்றார். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. மூளையில் பக்கவாதம் வந்தும் பார்வை போகலாம் என்பதால் எம்ஆர்ஐ எடுத்தார்கள், அது இல்லை. போஸ்டீரியர் இஸ்கீமிக் ஆப்டிக் நியூரோபதி என்று ஃபைலில் எழுதினார்கள். பார்வை நரம்பின் பின்பகுதிக்கு ரத்தம் போதாமல் போனது என்று அர்த்தம்.

கழுத்தை அறுத்தால் கண் நரம்புக்கு ஏன் ரத்தம் போதாது? இதை எனக்கு நிதானமாக விளக்கியவர் பிறகு நாங்கள் கருத்துக் கேட்கப் போன இன்னொரு மயக்க மருந்து டாக்டர். தலைக்கு ஏறுகிற ரத்தம் திரும்பி இறங்கக் கழுத்தின் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய சிரைகள் இருக்கின்றன, ஜுகுலர் என்று பெயர். எனக்கு வலது பக்கச் சிரையோடு நெறி ஒட்டிக்கொண்டிருந்ததால் அதைக் கட்டி வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. இடது பக்கச் சிரையைக் காப்பாற்றினார்கள், ஆனால் சுற்றிலும் அறுத்துத் தைத்த வீக்கத்தில் அதிலும் ஓட்டம் குறைந்திருக்கலாம். சென்னைக்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும். முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் ஆற்றில் தண்ணீர் தேங்கி, ஊருக்குள் இருக்கிற வடிகாலும் இறங்காமல் எதிர்த்து நிற்குமே, அதுதான் என் முகத்தில் நடந்தது. இறங்க வேண்டியது இறங்காமல் தேங்கினால், ஏற வேண்டியது ஏறாது. கண்ணுக்குப் பின்னால் நரம்பின் அந்தத் துண்டுக்குத் தீனி போடுவது நூல் நூலான ரத்தக் குழாய்கள்தான், பெரிய குழாய் ஏதும் இல்லை. அதோடு ரத்தம் கசிவதைக் குறைக்க பிரஷரையும் இறக்கி வைத்திருந்தார்கள். போன ரத்தத்தில் என் ஹீமோகுளோபின் 12-லிருந்து 7.8-க்கு வந்திருந்தது. நான் பல வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவன். அப்படிப்பட்ட உடம்புக்கு 'சாதாரண' பிரஷரே குறைவாக இருக்கலாம்.

"இதில் எது காரணம் சார்?" என்று மகள் கேட்டாள்.

"தனியா எதுவும் இல்லம்மா. இதே நாலும் சேர்ந்து வந்து, ஒண்ணும் ஆகாம வீட்டுக்குப் போனவங்கதான் அதிகம்" என்றார்.

இந்தப் பதிலை ஜீரணிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. யாரோ கை தவறி எதையோ வெட்டிவிட்டார்கள் என்றால் கோபப்படலாம். இங்கே கோபத்துக்கு ஒரு முகவரி இல்லை.

மகள் ராத்திரிகளில் போனில் தேடிப் படித்துச் சொல்வாள். கழுத்தைச் சுத்தமாக வழித்தெடுக்கிற இந்த ஆபரேஷனை 1906-இல் ஜார்ஜ் கிரைல் என்கிற அமெரிக்கர் விவரித்து எழுதினார். அப்போது சிரை, தசை, நரம்பு எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்தார்கள். முடிந்தவரை அவற்றை விட்டுவைக்கும் முறை பிற்பாடு வந்தது. இரண்டு பக்கமும் ஒரே நாளில் செய்தபோது பார்வை போனதைப் பற்றி 1964-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். ஆக, அபூர்வம் என்றாலும் புதிது இல்லை. அமெரிக்க மயக்க மருந்து டாக்டர்கள் 1999-இல் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை போனவர்களுக்கென்றே ஒரு பதிவேடு ஆரம்பித்திருக்கிறார்கள். அதில் அதிகம் சேர்ந்தவை முதுகெலும்பு ஆபரேஷன்கள், மணிக்கணக்காகக் குப்புறப் படுத்து முகம் வீங்குகிறவர்கள். 2006-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில் அப்படி 93 பேர். அதில் 83 பேருக்கு என்னைப் போலவே நரம்புக்கு ரத்தம் போதாமல் போன கேஸ். ஆறு மணி நேரத்துக்கு மேல் மயக்கம், அல்லது ஒரு லிட்டருக்கு மேல் ரத்தப்போக்கு, இந்த இரண்டில் ஒன்றாவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருந்திருக்கிறது. அதைக் கேட்டபோது, சொன்னால் விசித்திரமாக இருக்கும், எனக்கு ஒரு நிம்மதி. முகம் தெரியாத 83 பேர் உறவுக்காரர்கள் மாதிரி.

எனக்கு என்ன வைத்தியம் செய்தார்கள் என்றால், இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள், பிரஷரை ஏற்றி வைத்தார்கள், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார்கள், மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி. இதற்கென்று நிரூபணமான மருந்து கிடையாது என்று கண் டாக்டர் போடும்போதே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. இடது கண்ணில் ஒன்றும் திரும்பவில்லை. வலது கண் இரண்டு மீட்டரில் விரல் எண்ணுவதிலிருந்து 6/60 வரை வந்தது, அதாவது மற்றவர்கள் அறுபது மீட்டரில் படிப்பதை நான் ஆறு மீட்டரில் படிக்கிற அளவு; கீழ்ப்பாதி வரவில்லை. காலை ஆறு மணிக்கே கண்டுபிடித்திருந்தால் மாறியிருக்குமா என்று அவரிடம் நேராகக் கேட்டேன். "தெரியாது. ரத்தமும் பிரஷரும் பத்து மணி நேரம் முன்னாடியே ஏறியிருக்கும். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது" என்றார்.

ஆனால் அந்தப் பத்து மணி நேரம் நிச்சயமாகக் கணக்காகிற இன்னொரு வகை இருக்கிறது, அதை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். சைனஸ் ஆபரேஷன். மூக்குக்கும் கண் குழிக்கும் நடுவில் இருக்கிற எலும்பு காகிதம் மாதிரி மெலிசு, அதன் மருத்துவப் பெயரிலேயே காகிதம் இருக்கிறது. அங்கே கீறி, கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து தேங்கினால் கண் பிதுங்கும், வலிக்கும், தொட்டால் கல் மாதிரி இருக்கும், பார்வை மளமளவென்று இறங்கும். இதற்கு ஒன்றரை மணி நேரம்தான் கெடு என்று சொல்வார்கள். இமையின் வெளி ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுப் போட்டு அழுத்தத்தை இறக்கினால் பார்வை தப்ப வழி உண்டு. அப்போது யாராவது "மருந்து வெச்சிருக்கோம்" என்று சொன்னால் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள், குரலை உயர்த்துங்கள். மாறாக, மண் விழுந்த மாதிரி உறுத்தல், கண்ணீர், வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம் என்றால் பெரும்பாலும் கருவிழிக் கீறல். மயக்கத்தில் இருப்பவர்களுக்கு அதிகம் வருவது அதுதான், ஓரிரண்டு நாளில் ஆறிவிடும். என் வகையில் வலியே கிடையாது. வலிக்காததால்தான் எல்லோரும் சும்மா இருந்தார்கள்.

கண் போன துக்கத்தை உட்கார்ந்து அனுபவிக்கவும் நேரம் கிடைக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் கரண்ட் வைக்க ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள். ரேடியேஷனைத்தான் எங்கள் பக்கம் கரண்ட் என்போம். முப்பது சிட்டிங், திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம். நான் வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். மனைவி இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு வந்து, "ஏங்க, கண்ணு போச்சுன்னு உசுரையும் எடுத்துக் குடுத்துடலாம்னு இருக்கீங்களா?" என்றாள். எழுந்து சட்டை போட்டுக்கொண்டேன். முகத்தில் வலை மாதிரி மாஸ்க் மாட்டி மேஜையோடு திருகி வைத்துவிட்டு, டெக்னீஷியன் பையன் தினமும் "கண்ணை மூடிக்குங்க சார்" என்பான். முதல் நாள் கோபம் வந்தது, பத்தாம் நாள் சிரிப்பு வந்தது.

கேஸ் போடவில்லையா என்று கேட்பவர்களுக்கு: போடவில்லை. ஆனால் காகிதம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினோம். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி, நோயாளியோ அவர் சார்பில் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. மயக்க மருந்து சார்ட் என்று ஒன்று உண்டு, நிமிடவாரியாக பிரஷர் எழுதியிருக்கும். இந்த மாதிரி விஷயத்துக்கு அதுதான் முக்கியம். எங்களுக்கு விளக்கிய டாக்டர் அதை வைத்துத்தான் விளக்கினார். என் சம்மரியில் பார்வை பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் நோயாளி மங்கலாகத் தெரிவதாகச் சொன்னார் என்று. பேச முடியாத நான் அதை எப்படிச் 'சொன்னேன்' என்று அவர்களுக்குத்தான் தெரியும்!

ஆபரேஷனுக்கு முன்னால் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால் சொல்வது இவ்வளவுதான். கழுத்து இரண்டு பக்கமும் என்றால், இரண்டு சிரையையும் எடுக்க வேண்டி வருமா, வந்தால் இரண்டாவது பக்கத்தைச் சில வாரம் கழித்துத் தனியாகச் செய்ய வழி உண்டா என்று கேளுங்கள். எல்லோருக்கும் அது சரிவராது, புற்று காத்திருக்காது. ஆனால் கேட்டால் அவர்கள் யோசிப்பார்கள். க்ளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் இருந்தாலோ, ஏற்கெனவே ஒரு கண்தான் என்றாலோ அதைச் சர்ஜனிடம் மட்டுமல்ல, மயக்க மருந்து டாக்டரிடமும் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையில் எதை அன்று காலை சாப்பிடலாம், எதை நிறுத்த வேண்டும் என்பதையும் அவரிடம் கேளுங்கள், நீங்களே முடிவு செய்யாதீர்கள். முடிந்தால் ஒரு தடவை கண் பரிசோதனை செய்து சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது இல்லாததால், ஆபரேஷனுக்கு முன்னால் உங்கள் பார்வை எவ்வளவு என்ற கேள்விக்கு, ஏழு பாயின்ட் பொடி எழுத்தில் 'ர'வா 'ற'வா என்று பார்ப்பேன் சார் என்றுதான் சொல்ல முடிந்தது. அதை ஃபைலில் எழுத மாட்டார்கள். அப்புறம், மூக்குக் கண்ணாடியை ஐசியு பையில் கட்டாயம் போட்டுவிடுங்கள். கண்ணாடி இல்லாமல் மங்கலாகத் தெரிவதற்கும் இதற்கும் குழப்பம் வரக்கூடாது.

வீட்டு வாழ்க்கையில் கஷ்டம் நான் நினைத்த இடத்தில் இல்லை. கீழ்ப் பாதி இல்லாதவனுக்கு எதிரி படிக்கட்டு. ஏறுவது பரவாயில்லை, இறங்குவதுதான். மகள் ஒவ்வொரு படியின் ஓரத்திலும் மஞ்சள் டேப் ஒட்டினாள். தலையை நன்றாகக் குனிந்து மேல் பாதிப் பார்வையை அதன் மேல் கொண்டுவரக் கற்றுக்கொண்டேன். சாப்பாடு இன்னொன்று. எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறு எனக்குத் தெரியவே தெரியாது, ட்யூப் லைட் பட்டுத் தட்டும் சோறும் ஒரே பளபளப்பு. தயிர் சாதம் சுத்தம். வாழையிலையில் போட்டால் பளிச்சென்று தெரியும். இலை தினமும் கட்டுப்படியாகாது என்று மனைவி கரும்பச்சைப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று வாங்கி வந்தாள், விலை எண்பது ரூபாய். என் மறுவாழ்வில் பெரிய கண்டுபிடிப்பு அதுதான். மெட்ரோ ஸ்டேஷன் தரையில் புடைப்பாக மஞ்சள் ஓடு பதித்திருப்பதை இத்தனை நாள் அழகுக்கு என்றே நினைத்திருந்தேன்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். 1819-இல் தொடங்கியது, உலகத்திலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. முதலில் அது எங்கள் ராயப்பேட்டையில்தான் இருந்ததாம், வரிசையில் நிற்கும்போது மகள் போனில் படித்துச் சொன்னாள். 2016 சட்டப்படி, நல்ல கண்ணில் கண்ணாடி போட்டும் 6/18-க்குக் கீழே 3/60 வரை என்றால் குறைபார்வை. அதற்கும் கீழே போனால் பார்வையின்மை. நான் முதல் வகை. சான்றிதழில் 40 சதவீதம் தாண்டினால்தான் பெரும்பாலான சலுகைகள். யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பிறகு தபாலில் வந்தது. கைத்தடி பிடித்து நடக்கவும், போனில் திரையை வாசித்துச் சொல்கிற டாக்பேக் போட்டு வேலை செய்யவும் முறையாகக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்குப் பூந்தமல்லியில் மத்திய அரசின் பார்வைக் குறைபாடு நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. கைத்தடி வாங்கக் கூச்சப்பட்டு நான் ஏழு மாதம் வீணாக்கினேன். கையில் தடி இல்லாமல் யாரையாவது இடித்தால் குடிகாரன், இருந்தால் அண்ணே வாங்க என்று கை பிடிக்கிறார்கள்.

அச்சகத்துக்கு வாரம் மூன்று நாள் போகிறேன். மனசுக்காக என்று முதலாளி கூப்பிட்டார், இப்போது வேலையும் நடக்கிறது. கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன், கண் வலித்தால் மெஷினைப் படிக்கவிட்டுக் கேட்பேன். விட்டுப்போன சொல், இரண்டு முறை வந்த சொல் எல்லாம் கண்ணைவிடக் காதில் நன்றாக மாட்டுகிறது. ஆனால் மணமகனும் மனமகனும் மெஷின் வாயில் ஒன்றுதான். அந்த இடத்துக்கு இன்னும் கண்தான் வேண்டும், அங்கே மட்டும் எழுத்தெழுத்தாகப் போவேன். நாக்கு பாதி போனவன் 'ழ' சொல்ல முடியாமல், ண-ன பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் செக்கப்புக்குப் போனபோது ஓபியில் பக்கத்து நாற்காலியில் ஒரு தம்பதி. அவர் கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவர், அடுத்த வாரம் ஆபரேஷன், நாக்குதான், கழுத்து இரண்டு பக்கமும். கேட்காமலே நான் ஆரம்பித்துவிட்டேன். அட்டை, நோட்டு, பேனாவை நூலில் கட்டுவது, ஒரு வார்த்தை எழுதியதும் அடுத்த தாளுக்குப் போவது என்று அனுபவஸ்தன் தோரணையில் சொல்லிக்கொண்டே போனேன். அந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதுண்ணா" என்றார்.

மூன்று வருடமாக நான் எல்லோருக்கும் சொல்லி வந்த யோசனை அது. ஒரு நிமிடம் எனக்கு வாய் அடைத்துவிட்டது.

பிறகு மூன்று பேரும் சேர்ந்து யோசித்தோம். தண்ணீருக்குக் கட்டை விரல். வலிக்கு, வலிக்கிற இடத்தைக் காட்டினால் போதும். மூச்சு முட்டினால் கட்டிலைத் தட்டுவது. கண்ணுக்கு என்ன வைப்பது என்பதில்தான் இழுத்தது. கண்ணைத் தொட்டுக் காட்டினால் உறுத்துகிறது என்று நினைத்துவிடுவார்கள், எனக்கு நடந்ததுதான். கடைசியில் அவரே ஒன்று கண்டுபிடித்தார். உள்ளங்கையைக் கண் முன்னால் விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டி, பிறகு இல்லை என்று கையை விரிப்பது. "இத்த காலைல முத வேலையா ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா நானே பாத்துக்குறேன், தெரிஞ்சா கட்டை விரல், தெரியலன்னா கை விரிப்பு. நீ உள்ள வந்த உடனே சிஸ்டர்கிட்ட சொல்லிடு" என்றார் மனைவியிடம். அந்த அம்மா வார்டு சிஸ்டரிடம் முந்தின நாளே சொல்லி வைத்துவிடுவதாகச் சொன்னார்.

என் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து போகும்போது அவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துக் கையை ஆட்டிப் பழகிக்கொண்டிருந்தார்.